பன்னிரண்டு சளி டப்பாக்கள்

1. ரிசல்ட் வந்த காலை

"எடோ, பன்னிரண்டும் பாசிட்டிவ்!" என்றார் புரொபஸர். லாட்டரி விழுந்தவர் முகமும் வீடு தீப்பிடித்தவர் முகமும் ஒரே மனிதரிடம் அமைய முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

எழுபதுகளின் நடுவில், மலையாள நாட்டில், மலைக்குக் கீழே இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நெஞ்சுநோய்ப் பிரிவில் நான் சோஷியல் இன்வெஸ்டிகேட்டர். தற்காலிகப் பதவி. ஆஸ்பத்திரியில் தற்காலிகம் என்பது நோயாளிக்கு ஆறுதல், ஊழியனுக்கு வியாதி.

பிரிவில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. காசநோய் எத்தனை பேருக்கு இருக்கிறது, காசநோயைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது, இவைதான் கேள்விகள். முதலில் ஓ.பி.க்கு வருகிறவர்களை மட்டும் கேட்டோம். மலை எஸ்டேட்டுகளிலிருந்து வருகிறவர்கள் நோய் முற்றிய பிறகே வந்தார்கள். எனவே எஸ்டேட்டுக்கே போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அங்கே இருப்பவர்கள் தமிழர்கள். நானோ கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரன், வெளியில் மலையாளம், வீட்டில் தமிழ். தாய்மொழி தடுப்பூசியும் ஆகும் என்று நினைத்தார்களோ என்னவோ, என்னை அனுப்பிவைத்தார்கள்.

சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். அதில் ஒரு லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள். பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு ஒருவர் சளி. அந்தப் பன்னிரண்டிலும்தான் இப்போது கிருமி.

"நாளைக்கு நானே போய் எஸ்டேட் மானேஜரைப் பார்க்கிறேன். பன்னிரண்டு பெயரும் அவருக்குத் தெரியணும்" என்றார் புரொபஸர்.

அந்தப் பெயர்கள் மானேஜருக்குப் போகாது என்று நான் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

2. நூற்றுக்கு நூறு

சத்தியம் வாங்கியவள் எஸ்தர். கொழுந்து பறிப்பவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலைக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பம். என் கேள்வித்தாளுக்கு அவளைப் போல் யாரும் பதில் சொன்னதில்லை.

"காசநோய்க்கு என்ன அறிகுறி, தெரியுமா?"

"தெரியாம என்ன சார்? மூணு வாரத்துக்கு மேல இருமல். சாயங்காலமானா காய்ச்சல். உடம்பு இளைக்கும். சளியில ரத்தம் வரும். போதுமா, இன்னும் வேணுமா?"

"போதும் போதும்."

"நீங்க பேசுதது தமிழா, மலையாளமா?"

"தமிழ்தான்."

"அப்படியா? நல்லாத்தான் இருக்கு" என்றாள், பரிதாபத்தோடு. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சார், பேரு தொரைக்குப் போவாதுல்லா? போச்சுன்னா செக்ரோல் நோட்டுல, வேலைக்காரவ லிஸ்டுல, பேரை வெட்டிருவாவ. பேரை வெட்டினா வீட்டைக் காலி பண்ணணும்."

"போகாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

சத்தியம் செய்யும் அதிகாரம் தற்காலிக ஊழியருக்கு உண்டா என்று நான் யோசிக்கவில்லை.

மாலையில் டப்பாக்களைக் கொடுத்தேன். விடிந்ததும் வாய் கொப்பளித்து, ஆழமாக இருமி, அடிநெஞ்சிலிருந்து எடுக்க வேண்டும் என்று செய்தும் காட்டினேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அது சிரிப்பு மட்டும் அல்ல, ஓர் அந்நிய ஆண் கையில் காறித் துப்பியதைக் கொடுக்கும் வெட்கமும் என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

மறுநாள் விடியற்காலையில், நான் தங்கியிருந்த பள்ளிக்கூட அறைக்கு லயத்திலிருந்து ஒரு பெரிய கமறல் கேட்டது. எஸ்தரின் கணவர் தேவசகாயம். பாக்டரியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாட்டு நடத்துகிறவர். முதல் நாள் எனக்காக ஒரு கீர்த்தனை பாடினார், எதிர்மலை திருப்பிப் பாடியது. பாட்டுக்காரர் தொண்டையைச் சரிசெய்கிறார் என்று நினைத்துக்கொண்டு போர்வைக்குள் படுத்து ரசித்தேன்.

டப்பாக்கள் எல்லாம் ஒரே அளவு நிரம்பி, மூடி இறுக்கி, வரிசையாக வந்தன. இப்படி ஓர் ஒழுங்கை என் சர்வீஸில் பார்த்ததில்லை. 'ஒத்துழைப்பு மிக நன்று' என்று எழுதிக்கொண்டேன்.

3. என் டப்பா

"நீயும் அங்கே ஒரு வாரம் இருந்தாய் அல்லவா? சாயா குடித்தாய், பாட்டு கேட்டாய். உன் சளியும் கொடு" என்றார் புரொபஸர்.

அந்த நிமிஷம் வரை எனக்கு இருமல் இல்லை. உடனே வந்தது. லேபுக்குப் பின்னால் டப்பாவும் கையுமாக நின்று எத்தனை முயன்றும் வெறும் எச்சில்தான் வந்தது. ஒரு பக்கம், எனக்கும் இருந்துவிட்டால்? வேலை போகும். கல்பாத்தியில் தெருவே ஒதுங்கிப் போகும். இன்னொரு பக்கம், ஒன்றும் வரவில்லை என்று சொன்னால் மறைக்கிறான் என்பார்கள்.

ஜீப் டிரைவர் ரங்கசாமி மரத்தடியில் பீடியோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர்.

"ஏனுங்க சார், ரொம்பச் செரமப்படறீங்க. நம்முளுது கொஞ்சம் போட்டுத் தரட்டுங்களா? பீடிக்காரன் நெஞ்சுங்க, கேட்டதும் வருமுங்க."

டப்பாவை அவரிடம் நீட்டுவதற்குக் கை பாதி தூரம் போய்விட்டது. பொய் சொல்ல மாட்டேன். அப்படியே நின்றது.

நல்ல நெஞ்சுக்காரனுக்குக் கேட்டதும் சளி வராது. எனக்கு வரவில்லை. அப்படியானால் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் எப்படி ஒரே அளவில் வந்தது?

புரொபஸரிடம் ஓடினேன். மாதிரிகளில் எனக்குச் சந்தேகம், ஒரு நாள் கொடுங்கள் என்றேன். பன்னிரண்டு பாசிட்டிவைக் கையில் வைத்திருப்பவரிடம் சந்தேகம் என்ற சொல்லை யாரும் எடுக்கக் கூடாது. என்னைப் பார்த்த பார்வையில் என் பதவி இன்னும் தற்காலிகமாயிற்று.

"ஒரு நாள். அதற்கு மேல் நான் மானேஜரைப் பார்ப்பேன்."

4. மீண்டும் மலை

வழியெல்லாம் மூடுபனி. பன்னிரண்டும் ஒரே நெஞ்சிலிருந்து வந்தவை என்ற என் நினைப்பு தவறென்றால் பன்னிரண்டு குடும்பமும் மூட்டை கட்ட வேண்டும். சரியென்றால் ஒரு குடும்பம். அது யாருடையது என்பதை அந்த விடியற்காலைக் கமறல் சொல்லிவிட்டிருந்தது. எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்று புரியாமல் இருமினேன்.

"பயப்படாதீங்க சார். இருமல் சாஸ்தியானாச் சொல்லுங்க, வண்டிய நிறுத்தறனுங்க" என்றார் ரங்கசாமி.

"நிறுத்தி?"

"நான் எறங்கிக்கறனுங்க."

கொழுந்தை எடைபோட்டு முடித்து எல்லாரும் லயத்துக்குத் திரும்பும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். வாசலில் கூடியவர்களிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன். "பன்னிரண்டு டப்பாவிலும் கிருமி இருக்கு."

கடைசி வீட்டுக் கிழவிதான் பொறுக்க முடியாமல், "எனக்குச் சளியே கெடையாதே சார்! அது எப்படி என் டப்பாவுல..." என்று ஆரம்பித்து, பக்கத்தில் இருந்தவள் இடித்ததும் நிறுத்தினாள்.

எல்லாக் கண்களும் ஒரே பக்கம் திரும்பின. தேவசகாயம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான்தான் சார் எல்லாத்துலயும் குடுத்தேன். பொம்பளைய காறித் துப்ப வெக்கப்பட்டாவ. ஆம்பளையளுக்கு வரமாட்டேங்குது. ஆருக்காவது கிருமி இருந்து பேரு போயிட்டா என்ன செய்யன்னு எல்லாருக்கும் பயம். எனக்கு நல்ல நெஞ்சு, பாடுத நெஞ்சு. எல்லாருக்கும் நல்ல பேரா வரட்டும்னுதான். எனக்குன்னா விடிஞ்சா தானா வருதே..."

அங்கே நின்றுவிட்டார். தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டார் என்று தெரிந்தது.

நான் எஸ்தரைப் பார்த்தேன். "சாயங்காலம் இவருக்குக் காய்ச்சல் உண்டா?"

"ரெண்டு மாசமா. கசாயம் வச்சுக் குடுக்கேன்."

"அன்னிக்கு நாலு அறிகுறியும் சொன்னீங்களே!"

"தெரியுமான்னுதான சார் கேட்டிய? வீட்ல ஆருக்கும் இருக்கான்னு கேக்கலியே." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

மறுநாள் காலையில் புது டப்பாக்கள். தேவசகாயம் வீட்டு டப்பாவில் இந்த முறை எஸ்தர் சளி கொடுத்தாள். நானும் அங்கேயே நின்றேன், பெண்களுக்காக முதுகைத் திருப்பிக்கொண்டு. ஒவ்வொருவரும் இருமிப் படாதபாடு பட்டார்கள். அந்தக் கஷ்டத்தைக் கேட்கக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

தேவசகாயத்தை எங்களுடனேயே அழைத்துக்கொண்டோம். ஜீப்பில் ஏறும்போது, "பேரு தொரைக்குப் போவுமா சார்?" என்று கேட்டார். இந்தத் தடவை நான் சத்தியம் செய்யவில்லை. ரங்கசாமி காற்றோட்டத்துக்காக ஜீப்பின் படுதாக்களைச் சுருட்டிக் கட்டினார். குளிரில் நடுங்கிக்கொண்டே இறங்கினோம். யாரும் பாடவில்லை.

5. புரொபஸர்

முதலில் கத்தினார். "என் டேட்டா! என் டேட்டா!" என்றார். பிறகு பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த தேவசகாயத்தைப் பார்த்தார். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். இவர் நெஞ்சில் பாட்டு எங்கே இருந்தது என்று தேடுவது போல் இருந்தது. அந்த நேரத்தில் நான் எத்தனை சாமிக்கு வேண்டிக்கொண்டேன் என்று கணக்கில்லை, கர்த்தர் உட்பட.

"ஓ.பி. சீட்டு எடுத்தாரா?"

"எடுத்தார், சார்."

"அப்போ இவர் ஓ.பி. நோயாளி. தானாக நடந்து வந்தவர். ஓ.பி. நோயாளியின் பெயர் எஸ்டேட் மானேஜருக்கு எதற்கு?"

அவர் விதியை மதிக்கிறவர். அன்று விதியும் அவரை மதித்தது.

வார்டில் சில மாதம், பிறகு ஊசியும் மாத்திரையுமாக நீண்ட காலம். தொண்டை வைத்தியம் என்று எஸ்தர் கங்காணியிடம் சொன்னாள். கோவில் பாட்டுக்காரருக்குத் தொண்டை போய்விட்டது என்றால் யார் லீவு மறுப்பார்கள்? புது டப்பாக்கள் பன்னிரண்டும் நெகட்டிவ். ஆகவே எங்கள் ஆய்வின்படி அந்த லயத்தில் காசநோயே கிடையாது. தேவசகாயம் ஆசைப்பட்டது போலவே எல்லாருக்கும் நல்ல பேராக வந்தது.

என் டப்பாவும் நெகட்டிவ். பக்கத்தில் லேப்காரர் 'வெறும் எச்சில்' என்று எழுதியிருந்தார். என் சர்வீஸில் என்னைப் பற்றி எழுதப்பட்ட நேர்மையான குறிப்பு அது ஒன்றுதான்.

6. சர்வேக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கு அந்த எஸ்டேட்டுக்குப் போனேன். தேவசகாயம் கோவிலில் பாடினார். குரல் பழைய குரல்தான். காசநோய் ஊசி காது கேட்கும் சக்தியைக் கொஞ்சம் தின்றுவிட்டதால் பாட்டு ஒரு பக்கமும் ஆர்மோனியம் ஒரு பக்கமுமாகப் போயின. சபையார் ஆர்மோனியத்தை விட்டுவிட்டு அவர் பின்னால் போனார்கள்.

"சுருதி போச்சு சார்" என்றாள் எஸ்தர், வாசலில். "ஆளு இருக்காவ."

'தெரியுமா' என்று கேட்டு முடித்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதையும் கேட்டுவிட்டு எழுந்திருங்கள். உங்களால் காப்பாற்ற முடியாத சத்தியத்தைச் செய்யாதீர்கள். சளி டப்பாவைக் கொடுத்தால் அங்கேயே நில்லுங்கள். முதுகைத் திருப்பிக்கொள்ளலாம், காதைத் திருப்பக் கூடாது. யாருடைய இருமல் உங்களுக்குக் கேட்க இனிமையாக இருக்கிறதோ, அவரிடம் முதலில் போங்கள்.