பூட்டிக் கிடந்த கேட்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் தாம்பரம் அணிக்காக ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தேன். அன்று குரோம்பேட்டையோடு இறுதி ஆட்டம். சுற்றிலும் தகரம் அடைத்த மைதானத்தில் நிற்க இடமில்லை. நான் அடித்த பந்து வலைக்குள் போனதும் எங்கள் ஆட்கள் துள்ளிக் குதித்தார்கள். ரெஃபரி அதை ஆஃப்சைடு என்றார். உடனே இரண்டு பக்கமும் கல் பறந்தது. பயந்துபோன ஜனம் இருந்த ஒரே கேட்டை நோக்கி ஓடியது.

கேட் பூட்டியிருந்தது. டிக்கெட் இல்லாதவர்கள் நுழையாமலிருக்க, போட்டி நடத்தியவர்கள் வெளியே பூட்டுப் போட்டிருந்தார்கள். முன்னால் போனவர்கள் நசுங்கி அலறினார்கள்.

"மச்சான், கோல் போஸ்ட்டைப் புடுங்கு" என்று கத்தினான் எதிரணி கோல்கீப்பர். இரண்டு அணியும் சேர்ந்து அந்த மரக்கம்பத்தைப் பிடுங்கினோம். தூக்கிக்கொண்டு ஓடி, தகரம் பிய்யும்வரை இடித்தோம். ஜனம் குபுகுபுவென வெளியேறியது. ஆனால் கேட்டருகே ஒரு தையற்காரர் மிதிபட்டு இறந்துகிடந்தார்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் போட்டிச் செயலாளர், "எல்லாம் குரோம்பேட்டை ரௌடிங்க வேலை சார்" என்றார்.

என்னோடு வந்திருந்த குரோம்பேட்டை கோல்கீப்பர் இன்ஸ்பெக்டரிடம், "கல்லு வுட்டவன்ல எங்க ஆளும் கீறான் சார், புடிச்சி உள்ள போடுங்க. ஆனா கேட்டைப் பூட்டுனது இவரு. அதையும் எழுதுங்க" என்றான்.

"நானும் சாட்சி சொல்றேன் சார்" என்றேன்.

கல்லெறிந்தவர்களோடு செயலாளர்மீதும் வழக்குப் பதிவானது.