இரண்டு வீட்டில் இருந்த ஒரு பாட்டுப்பெட்டி

நேற்று மத்தியானம் மதுரையிலிருந்து ஒரு நண்பர் கைபேசியில் படம் அனுப்பியிருந்தார். ஊமத்தம்பூ மாதிரி விரிந்த பித்தளைப் புனல், கீழே செதுக்கு வேலை செய்த சின்னப் பெட்டி. "நூறு வருஷத்துப் பழைய கிராமபோன்னு சொல்றாங்க, உண்மையா?" என்று கேட்டிருந்தார். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்த எனக்கு எழுந்து உட்காரவே அலுப்பாக இருந்தது. புனல் அப்படிப் பளபளத்தால் அது பெரும்பாலும் சமீபத்தில் அடித்ததாகத்தான் இருக்கும். மரத்துக்குக் காப்பி டிகாஷனைப் பூசி வயதாக்கியிருப்பார்கள். இதையெல்லாம் விளக்கினால் அவர் இன்னும் நாலு படம் அனுப்புவார். "வாங்க வேண்டாம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் படுத்தேன். தூக்கம்தான் வரவில்லை.

படத்தில் வாசனை வராது, அதுதான் சிக்கல். நிஜமான பழைய பெட்டியின் மூடியைத் திறந்தால் முதலில் மூக்குக்குத்தான் தெரியும். இறுகிப்போன கிரீஸ், பூச்சி அரித்த வெல்வெட்டு, அரக்கு பாலிஷ் எல்லாம் கலந்த ஒரு வாடை. எனக்கு அது பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். கல்யாணத்தன்று தாலி கட்டிய கையிலும் அந்த வாடை அடித்ததாக என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

அப்போது அருப்புக்கோட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் நானும் தங்கப்பாண்டியும் பட்டறை வைத்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாடத்தில் தோற்றவர்கள். அவனுக்கு மரவேலை, எனக்கு இயந்திரம். கட்டிலும் பீரோவும் சோறு போட்டன. கிராமபோன் பைத்தியம் அந்தச் சோற்றைத் தின்றது. ஒரு முறை சாவி கொடுக்கும் சுருள்வில்லை அதன் டப்பாவிலிருந்து உருவும்போது கை நழுவி, அது சீறிக்கொண்டு எழுந்து தங்கப்பாண்டியின் புருவத்தைக் கிழித்துவிட்டது. தையல் போட்ட டாக்டர், "மாடு முட்டிருச்சா?" என்று கேட்டார். "பாட்டு முட்டிருச்சு சார்" என்றான்.

அந்தத் தையல் ஆறிய சமயத்தில்தான் பரளச்சியில் இருளப்பன் என்பவர் வீட்டுக் கதவை மராமத்துப் பார்க்கப் போனோம். கரிசல் நிலமும் கொஞ்சம் வெள்ளாடும் வைத்திருந்த பெரியவர். அதிகம் பேசமாட்டார். அவர் வீட்டுச் சாமி அலமாரி எங்கள் நெஞ்சளவு உயரம். பக்கங்களில் கொடியும் கிளியுமாகச் செதுக்கியிருந்தது. முன்னால் இரட்டைக் கதவு, உள்ளே முருகன் படமும் விளக்கும். தங்கப்பாண்டி திருநீறு பூசுகிற சாக்கில் படத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினான்.

"ஏலே, இங்க வா. உள்ள தகரமில்லலே. மரம்லே!"

சாமி அலமாரியாக இருந்தது உண்மையில் ஒரு பழைய கிராமபோன் பெட்டி. இந்த ரகப் பெட்டிகளில் புனல் வெளியே தெரியாது. பெட்டிக்குள்ளேயே கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். சத்தம் கூட வேண்டுமென்றால் கதவைத் திறக்க வேண்டும், குறைய வேண்டுமென்றால் மூட வேண்டும். புனல் அநேகமாக இரும்புத் தகடாக இருக்கும். இது மெல்லிய மரப்பலகையை வளைத்துச் செய்தது. அப்படி ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேனே தவிர, தொட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான். மேல் மூடியைத் தூக்கினேன். இயந்திரம் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ஓட்டை. ஓட்டைக்குள் ஊதுபத்திக் கட்டு.

"மிசினு எங்கய்யா?"

"அது அவன் பங்கு" என்றார் இருளப்பன். அதோடு வெளியே போய்விட்டார்.

அவர் மனைவிதான் சொன்னார். "இவுக ஐயா ஒரு ஜமீன் ஏலத்துல எடுத்தது. பாகம் பிரிக்கையில பெட்டி இவுகளுக்கு, மிசினு தம்பிக்குன்னு ஆகிப்போச்சு. கெணத்துத் தண்ணி முறையில தொடங்கின சண்டை. தம்பி நரிக்குடியில மாமனார் ஊரோட இருக்காக. பேச்சு வார்த்த கெடையாது."

தம்பி வேலுச்சாமியை நரிக்குடியில் தேடிப் போனோம். இயந்திரத்தை ஒரு பழப்பெட்டியின் மேல் வைத்திருந்தார். சாவி கொடுத்து, ஒரு நாடகப் பாட்டுத் தட்டைச் சுழலவிட்டு, ஊசிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். புனல் இல்லாத இயந்திரத்தில் பாட்டு கொசு ரீங்காரமாகத்தான் வரும். அதற்கே அவர் தலையாட்டினார்.

"இப்படியா கேக்குறீக?" என்றேன்.

"பழகிருச்சு."

இரண்டையும் சேர்த்துச் சரிபண்ணிப் பார்க்கலாமா என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அவுக சம்மதிச்சாகளா?"

அவுக சம்மதித்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. "சேத்துப் பாருங்க. விக்கிற பேச்சு மட்டும் பேசப்படாது." எங்கள் மனசில் இருந்தது அந்தப் பேச்சுதான். முழுசாக ஒன்று கிடைத்தால் காரைக்குடிக் கடைக்காரர்கள் வீடு தேடி வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஆனால் அந்த மரப்புனலைத் தட்டிக் கேட்ட பிறகு விற்காவிட்டாலும் பரவாயில்லை என்று இரண்டு பேருக்கும் தோன்றிவிட்டது. பிழைக்கத் தெரியாதவர்கள் என்று வீட்டில் சொன்னது சும்மா இல்லை.

அந்தக் கோடை முழுவதும் அதற்கே போனது. சுருள்வில்லை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவினேன். ஊசியைத் தாங்கும் ஒலிப்பெட்டிக்குள் மைக்கா தகட்டைப் பிடித்திருந்த ரப்பர் வளையம் கல்லாகியிருந்தது. சைக்கிள் வால்வு டியூப்பை வெட்டி வளையமாக்கினேன். தங்கப்பாண்டி புனலில் படிந்திருந்த விளக்குப் புகையைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோலத் துடைத்து எடுத்தான்.

பாட்டுப் போட்டுக் காட்டுகிற அன்றைக்கு அண்ணன் பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தம்பியும் வந்தார், ஆனால் படியேறவில்லை. எதிர்த்த டீக்கடை வாசலில் போய் நின்றுகொண்டார். வாங்க என்று நான் கூப்பிட்டது பஸ் சத்தத்தில் கேட்காத மாதிரி நின்றார். சாவி கொடுத்து, தம்பியின் அந்த நாடகப் பாட்டுத் தட்டில் ஊசியை வைத்தேன். அந்த நாடகக்காரப் பெண்ணின் குரல் பெட்டிக்குள்ளிருந்து கெட்டியாக, கொஞ்சம் கரகரப்பாக எழுந்தது. எங்கள் கொட்டகைத் தகரம்கூட அதிர்ந்தது. இருளப்பன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரிடமும் என்றில்லாமல் சொன்னார்:

"கதவ நல்லாத் தொறந்து விடுங்க. தெரு வரைக்கும் கேக்கட்டும்."

திறந்தேன். டீ கிளாஸைக் கையில் வைத்தபடியே வேலுச்சாமி ரோட்டைக் கடந்து வந்துவிட்டார். அண்ணனுக்குப் பின்னால், தொடுகிற தூரத்தில் நின்றார். இனி பேசிவிடுவார்கள் என்று தங்கப்பாண்டி எனக்குக் கண் காட்டினான். பாட்டு முடிந்து தட்டு வெறுமனே சுற்றியது. ஊசியைத் தூக்கினேன்.

"எம் பங்கக் கழட்டிக் குடுத்துருங்க" என்றார் வேலுச்சாமி.

"ஒரு மாசம் அங்க, ஒரு மாசம் இங்கன்னு வச்சுக்கலாமேய்யா" என்று கெஞ்சிப் பார்த்தேன். "பெட்டி இல்லாம எப்படிக் கேப்பீக?"

"அவுக கொண்டாந்து குடுப்பாகளா? நாந்தான் போயி நிக்கணும்."

இருளப்பன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அவன் பங்க அவன்கிட்டக் குடுத்துருங்க தம்பி."

நான்தான் திருகாணிகளைக் கழற்றினேன். தங்கப்பாண்டி பார்க்கப் பிடிக்காமல் பீடி வாங்கப் போனான்.

அப்புறம் பட்டறை நொடித்தது. தங்கப்பாண்டி திருப்பூருக்குப் போனான். நான் ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையில் சேர்ந்தேன். அங்கேதான் பல வருஷம் கழித்து வேலுச்சாமி வந்தார். கோணிச்சாக்கில் இயந்திரம். அண்ணன் இறந்துபோயிருந்தார்.

"கேதத்துக்குப் போனேன். பெட்டியக் காணோம். அவுக பயலுக பழைய சாமான் லோடுல ஏத்தி விட்டுட்டானுகளாம். காரைக்குடின்னாக. வாரியா, பாத்துட்டு வருவோம்?"

பஸ்ஸில் முழுவதும் சாக்கை மடியில் வைத்திருந்தார். கீழே வைக்கச் சொன்னாலும் கேட்கவில்லை. கடைக்காரருக்குப் பெட்டி நன்றாக ஞாபகம் இருந்தது. கிளி செதுக்கியது. உள்ளே கண்ணாடித் தட்டு போட்டு, பாட்டில் அடுக்குவதற்காக ஒரு ஹோட்டல்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம்.

"உள்ள மரத்துல ஒரு புனல் இருந்துச்சே?" என்றேன்.

"அந்த வளைஞ்ச பலகையா? தட்டு போட இடைஞ்சலா இருந்துச்சு. ஒடச்சு அடுப்புல வச்சாச்சு."

வேலுச்சாமி சாக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். திருப்பத்தூர் தாண்டி வெகுநேரம் கழித்து, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "அன்னைக்குக் கதவத் தொறக்கச் சொன்னாகள்ல, அது எனக்குத்தான சொன்னாக?"

"ஆமாய்யா."

"தெரிஞ்சுதான் ரோட்டத் தாண்டி வந்தேன்."

அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் குரலை அந்த மரத்தின் வழியாகக் கேட்டவர்களில் இப்போது மிச்சம் நானும் தங்கப்பாண்டியும்தான். தீபாவளிக்குப் போனில் பேசும்போது, அந்தப் பாட்டு ஞாபகம் இருக்கிறதா என்று அவனைக் கேட்டேன். முதல் வரி நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது என்றான். எனக்கு முதல் வரி தெரியும். சொன்னேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வரவில்லை.