கீழ் ரோட்டுப் பல்சக்கரம்

எங்கள் சித்தப்பா வைத்திருந்த மோட்டார் சைக்கிளுக்குச் செயினே கிடையாது. சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. போன மாசம் கிளியூரில் இருக்கிற மகள் ஊட்டுக்குப் போனபோது, வெளியூர்ப் பிள்ளைகள் ரெண்டு பேர் செயின் அறுந்த வண்டியோடு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். "செயின் இல்லாத வண்டி வாங்கியிருந்தா இந்தப் பாடு இல்ல பாரு கண்ணு" என்றேன். அப்படி வண்டியே கிடையாது என்று ஒருத்தன் சிரித்தான். சிரிக்கட்டும். அவன் அப்பன் பிறப்பதற்கு முன்னாடியே அந்த மாதிரி வண்டியில் பள்ளிக்கூடம் போனவள் நான்.

அது ஜெர்மனியில் செய்த வண்டி. சித்தப்பா கணக்கு எழுதுகிற ரைட்டர் வேலை பார்த்த காப்பி எஸ்டேட்டின் துரை, சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகும்போது இதை யார் தலையில் கட்டுவது என்று யோசித்து, சித்தப்பா தலையில் கட்டிவிட்டுப் போனார். என்ஜினிலிருந்து பின் சக்கரம் வரைக்கும் ஒரு குழாய்க்குள் இரும்புத் தண்டு ஓடும். தண்டின் முனையில் சின்னப் பல்சக்கரம், பின் சக்கரத்தை ஒட்டிய பெட்டிக்குள் பெரிய பல்சக்கரம். சின்னது பெரியதைக் கடித்துக் கடித்துச் சுற்ற, வண்டி ஓடும்.

துரை இருந்த காலத்தில் துரைசானி உட்கார்ந்து போக, வண்டிக்குப் பக்கவாட்டில் தொட்டில் மாதிரி ஒரு பெட்டியும் அதற்கு ஒரு சக்கரமும் மாட்டியிருந்தது. அந்தத் தொட்டில் சித்தப்பாவுக்கு வந்து சேரவில்லை. துரை ஊட்டுச் சமையல்காரர் அதை இழுத்துக்கொண்டு போய்க் கோழி அடைக்க வைத்துக்கொண்டார். துரைசானி உட்கார்ந்த மெத்தையில் கோழி முட்டை போடுகிறது என்று எங்கள் அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். தொட்டில் போய்விட்டாலும், அதையும் சேர்த்து இழுப்பதற்காகப் போட்ட பல்சக்கரம் வண்டிக்குள்ளேயே இருந்தது. அதனால் மேட்டில் அது வெள்ளாடு மாதிரி ஏறும். கூச்சல் என்னவோ போடும், ஆனால் ஏறாத மேடு கிடையாது.

அந்த ஏற்றத்தை நம்பித்தான் என் படிப்பும் இருந்தது. எங்கள் ஊர் மஞ்சக்குட்டை. ஏற்காட்டில் சிஸ்டர்மார் நடத்திய பள்ளிக்கூடம் சின்னக் கால்களால் நடந்து போய் வருகிற தூரத்தில் இல்லை. பஸ் சாயங்காலம் ஒன்று வந்து போகும், அதற்குள் பள்ளிக்கூடமே விட்டிருக்கும். பொட்டப்புள்ளைக்கு இவ்வளவு அலைச்சல் எதற்கு என்பது அப்பாவின் எண்ணம். சித்தப்பாதான் விடவில்லை.

"நான் எஸ்டேட்டுக்குப் போற வழிதானுங்ணா. கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வந்துர்றேன். நீங்க புள்ளைய மட்டும் உடுங்க."

அப்பா எதிரில் இருந்த மிளகுக் கொடியில் காய்ந்த இலைகளைக் கிள்ளிப் போட்டார். பிறகு, "உன்ற வண்டி ஓடற வரைக்கும் போவட்டும்" என்றார்.

அப்பா சொன்னால் சொன்னதுதான். வண்டி நின்றால் என் படிப்பும் நின்றது என்று எனக்கு அந்த வயசிலேயே தெரியும். அதனால் காலையில் எழுந்ததும் முதலில் வண்டியைத் துடைப்பேன், பிறகுதான் மூஞ்சி கழுவுவேன். பின் சீட்டில் உட்கார்ந்து சித்தப்பாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும்போது, பள்ளிக்கூடத்துக்குக் கிட்டே உள்ள ஊர்களிலிருந்து நடந்து போகிற பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்கவே மாட்டேன். அவ்வளவு மிடுக்கு எனக்கு. இன்றைக்கு எழுத்துக் கூட்டியாவது எழுதுகிறேன் என்றால் அந்தப் பின் சீட்டில் உட்கார்ந்து போய்க் கற்றதுதான்.

நான் ரெண்டாம் கிளாஸுக்கு வந்தபோது, சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை ஆனால் சேலத்துக்கு இறங்க ஆரம்பித்தார். என்ன வேலை என்று கேட்டால் சொல்ல மாட்டார். திரும்பி வந்ததும் வண்டியைத்தான் திட்டுவார். அடிவாரம் தாண்டி நேர் ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்தால் வண்டி ஊளையிடுகிறதாம். என்ஜின் கிடந்து சுற்றுகிற சுற்றுக்குச் சக்கரம் சுற்றவில்லையாம். சேலம் போய்ச் சேர்வதற்குள் கை மரத்துப்போகிறதாம். பக்கவாட்டுத் தொட்டில் இல்லாத வண்டிக்கென்று வேறே பல்சக்கர ஜோடி இருக்கிறது, அதைப் போட்டால் என்ஜின் மெதுவாகச் சுற்றினாலே போதும், சத்தம் அடங்கிவிடும் என்று சாப்பிடும்போதும் அதே பேச்சு.

ஒரு நாள் சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக் பாய் கோணிப்பையோடு எங்கள் வாசலில் வந்து இறங்கினார். பின் சக்கரத்தைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே கறுப்பாக எண்ணெய், எண்ணெய்க்குள் பலாப்பழத்துத் தோல் மாதிரி பல் பல்லாக இரும்பு. பழைய ஜோடியை எடுத்துவிட்டுப் புது ஜோடியை வைத்தார். புதுசு என்றால் புதுசு இல்லை, எங்கேயோ செத்துப்போன வண்டியில் பிடுங்கியது. பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் குங்குமம் குடும்மா. ஒரு சொட்டு வெளக்கெண்ணெயும்."

அம்மா பதறிப்போய்க் கொண்டுவந்தாள், பூஜை போடப் போகிறார் என்று. பாய் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துப் பெரிய சக்கரத்தின் பல்லில் பூசி, சின்னதோடு சேர்த்துச் சுற்றினார். சிவப்பு எந்த இடத்தில் ஒட்டுகிறது என்று பார்த்தால் பல்லுக்குப் பல் சரியாகக் கடிக்கிறதா என்று தெரிந்துவிடுமாம். சிவப்பு ஓரத்திலேயே ஒட்டியது. மெல்லிசான தகடு ஒன்றை இடையில் சொருகி மறுபடியும் சுற்றினார். நடுப்பல்லில் பொட்டு வைத்த மாதிரி ஒட்டிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. துடைத்துக்கொண்டே சித்தப்பாவைப் பார்த்தார்.

"தம்பி, மலை மேல குடியிருந்துக்கிட்டு இதை எதுக்குப்பா கேட்டே? இது கீழ் ரோட்டுச் சக்கரம். அங்க பூ மாதிரி போவும். மேட்டுல மூச்சு வாங்கும். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

"போடுங்க பாய். பாத்துக்கலாம்."

குங்குமக் கிண்ணத்தோடு நின்றிருந்த அம்மா சித்தப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள்: "ஏந் தம்பி, இனிமே வண்டி கீழதான் ஓடப் போவுதுங்களா?"

சித்தப்பா ஸ்பேனரைத் தேடினார். ஸ்பேனர் அவர் கையில்தான் இருந்தது. நான் அதைச் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினோம். சமமான இடத்தில் வண்டி முனகக்கூட இல்லை. முதல் மேட்டில் பாதி ஏறியதும் தடதடவென்று அடித்துக்கொண்டது. தீய்ந்த நாற்றம் வந்தது, வண்டி நின்றுவிட்டது. "எறங்கு கண்ணு" என்றார் சித்தப்பா. நான் இறங்கினேன். அவரும் இறங்கி, என்ஜினை ஓடவிட்டு வண்டியோடு கூடவே நடந்தார். காப்பிக்காட்டில் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளை வைத்துவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏனுங்க ரைட்டரே, புள்ள ஸ்கூலுக்குப் போவுதா, வண்டி போவுதுங்களா?"

"வண்டிதானுங்க. புள்ள வண்டியக் கொண்டு போயி உட்டுட்டு வரும்" என்றாள் இன்னொருத்தி.

இதற்கு அவர்களே பதிலும் சொல்லி அவர்களே சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். எனக்கு அழுகை முட்டியது. ஆனால் அடுத்த மேட்டில் வண்டியை முந்திக்கொண்டு ஓடி மேலே போய் நின்றேன், அதற்கு அடுத்த மேட்டிலும் நான்தான் ஜெயித்தேன். பிறகு அதுவே விளையாட்டாகிப்போனது. பள்ளிக்கூடத்துக்குத் தினமும் லேட். நடந்து வருகிறவர்கள் வந்துவிட்டார்கள், மோட்டாரில் வருகிறவளுக்கு என்ன வந்தது என்று சிஸ்டர் கேட்டார்கள். "எங்க வண்டிக்குப் பல்லு மாத்தியிருக்கு சிஸ்டர்" என்றேன் தலையை நிமிர்த்திக்கொண்டு. எனக்கே அப்போது முன்பல் ரெண்டு விழுந்திருந்தது. வகுப்பே சிரித்தது.

நான் மேட்டுக்கு மேடு இறங்கி ஓடுகிற கதை அப்பா காதுக்குப் போய்விட்டது. அன்றைக்குச் சாயங்காலமே சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

"புள்ளைய இப்படி ஓடவெச்சுக் கூட்டிட்டுப் போறதுக்குப் பேரு ஸ்கூலா? பழைய சக்கரத்தையே போட்டுரு."

"பழசு இல்லீங்ணா. பாய் எடுத்துட்டுப் போயிட்டாரு."

"நீ குடுத்தியா, அவரா எடுத்தாரா?"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாத பக்கத்துக்குப் போனார். ஒரு இரும்புத் துண்டுக்கு ஏன் ரெண்டு பெரியவர்கள் இப்படி இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா என்னையும் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு இறங்கினார். வண்டி எதற்காக மாறியது என்று எனக்குக் காட்ட வேண்டுமாம். அடிவாரம் வரைக்கும் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து வந்தவர், நேர் ரோடு வந்ததும் விட்டார் பாருங்கள். புளியமரங்கள் பின்னால் ஓடின. வண்டி பூனை மாதிரி உறுமிக்கொண்டே போனது. அவ்வளவு வேகத்திலும் மரத்து மேல் கிளி கத்துவது கேட்டது. சித்தப்பா கத்தாமல், ஊட்டுக்குள் பேசுகிற மாதிரி பேசினார்.

"இப்பக் கேளு கண்ணு. சத்தமே இல்ல."

"நம்மூருக்கும் இப்படி நேரா ரோடு போட்டுட்டா நல்லா இருக்கும் சித்தப்பா."

அவர் சிரித்தார்.

சேலத்தில் ஒரு நூல் மில்லுக்குப் பின்னால் வரிசையாக ஒட்டிக் கட்டியிருந்த லைன் ஊடுகளில் ஒன்றின் முன்னால் நிறுத்தினார். ஒரு பெண் வந்து எனக்கு சர்பத் கொடுத்து, எத்தனாவது படிக்கிறேன் என்று கேட்டாள். கலைந்து கிடந்த என் தலையை அவளே வாரிப் பின்னிவிட்டாள், வலிக்காமல். உள்ளேயிருந்த பெரியவர் ஒருவர், மில்லில் என்றைக்கு வேலைக்குச் சேர்கிறாய் என்று சித்தப்பாவைக் கேட்டார். சித்தப்பா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, மெல்ல ஏதோ சொன்னார். நான் சர்பத்தில் மிதந்த விதையைப் பிடிப்பதில் இருந்தேன்.

திரும்பி அடிவாரம் வந்ததும் வண்டியை ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினார். மேலே ஏறாது, நீ பஸ்ஸில் போய்விடு என்றார். எங்கள் ஊர் அக்கா ஒருத்தி மார்க்கெட்டுக்கு வந்துவிட்டு அங்கே நின்றிருந்தாள், அவளிடம் என்னை ஒப்படைத்தார். பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்குள் கைவிட்டு என் கன்னத்தைத் தொட்டு, "நல்லாப் படிக்கோணும் சாமி" என்றார். ஞாயிற்றுக்கிழமை அதுவுமாகப் படிப்பைப் பற்றி ஏன் பேசுகிறார் என்று எனக்குக் கடுப்பாக இருந்தது. அவர் வண்டி சேலத்தைப் பார்த்துத் திரும்பி நின்றது.

அப்புறம் அவர் அந்தப் பெண்ணையே கட்டிக்கொண்டார். பண்டிகைக்குப் பண்டிகை பலகாரத்தோடு பஸ்ஸில் ஏறி வருவார், எனக்கு ஒரு முழம் பூவாவது இல்லாமல் வரமாட்டார். அந்தச் சித்தியைப் போல ஒருத்தி எங்கள் குடும்பத்துக்கு வாய்த்ததில்லை. இன்றுவரைக்கும் அவர் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. யாராவது அவரைக் குறை சொன்னால் அவர்கள் மேல்தான் வந்திருக்கிறது.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலையில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? சித்தப்பா ராத்திரியே வரவில்லை. பின் சீட்டில் ஆளில்லாத வண்டிதானே, விடிந்ததும் எப்படியாவது உருட்டி ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார் என்று இருந்தேன். "இன்னிக்கு ஸ்கூல் வேண்டாம் சாமி" என்றாள் அம்மா. அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போய் நின்றேன். அப்பா என்னைத் தாண்டித்தான் காட்டுக்குப் போனார்.

முன்னெல்லாம் அந்த வண்டி ரெண்டு வளைவு தாண்டி வரும்போதே காதைக் கிழிக்கும். இப்போதுதான் சத்தம் அடங்கிப்போயிற்றே, வந்தாலும் தெரியாது, காதை நம்பி நின்றால் ஏமாந்துவிடுவோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா ரெண்டு தரம் கூப்பிட்டும் திரும்பாமல், கண்ணைச் சிமிட்டக்கூட இல்லாமல், அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.