அக்கா கையில் கீபோர்டு

சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும்போது அக்காவின் மனம் அங்கே இருக்காது. எழும்பும் ஆவிக்குள் சின்னச் சின்ன வட்டங்கள் மிதக்கும். கம்ப்யூட்டர் திரையில் எது வேகமாகப் போக வேண்டும், எது எங்கே மறைய வேண்டும் என்று உதடு முணுமுணுக்கும். "எந்த லோகத்துல இருக்கே? துணி கருகுது பாரு!" என்று பக்கத்து மேசைக்காரி தோளில் இடித்தால்தான் திரும்பி வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை புரோகிராமிங் வகுப்பில் எல்லோருக்கும் அவள் அக்கா. பெண்கள் மொத்தம் மூன்றே பேர். அங்கே இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். ஒருவர் யோசித்துச் சொல்ல, மற்றவர் அடிக்க வேண்டும். பாதி நேரத்தில் மாறிக்கொள்ள வேண்டும். அக்காவின் ஜோடி ஒரு கல்லூரிப் பையன். தங்கமான பிள்ளை. "உங்க மூளைக்கு என் விரல் போதும்க்கா. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்" என்பான். மாறும் நேரம் வந்தாலும் கீபோர்டு அவன் பக்கமே இருக்கும். "நீயே அடிப்பா, உனக்குத்தான் வேகம்" என்று அவளும் விட்டுவிடுவாள். மற்ற இரண்டு பெண்களின் மேசையிலும் இதே கதைதான். சிரித்துப் பேசியபடியே மாதங்கள் ஓடின.

அடுத்த வகுப்புக்கு ஒரு துணை ஆசிரியர் தேவைப்பட்டார். அக்கா கையைத் தூக்கினாள். "நீ சொல்லித் தந்தா நாங்களும் வர்றோம்" என்று சலவைக்கூடத்துப் பெண்கள் சொல்லியிருந்தார்கள். அவள் இல்லையென்றால் அவர்கள் யாரும் அந்த வாசலை மிதிக்கப் போவதில்லை.

டீச்சர் வைத்த சோதனை சின்னதுதான். எல்லோர் முன்னாலும் தனியாக ஒரு புரோகிராம் எழுத வேண்டும்.

அக்கா உட்கார்ந்தாள். வட்டங்கள் மனதில் தெளிவாக மிதந்தன. ஆனால் மீசை போல நெளியும் அந்த அடைப்புக்குறி எந்த விசையில் இருக்கிறது? வாய்க்குத் தெரிந்தது விரலுக்குத் தெரியவில்லை. காதுமடல் சுட்டது.

"நான் வரட்டுமாக்கா?" பையன் பாதி எழுந்துவிட்டான்.

"உக்காருடா. இத்தனை நாள் நீ அடிச்சதாலதான் இன்னைக்கு இந்தக் கூத்து."

அறை சிரித்தது. அவன் முகம் சுருங்கியது. பிறகு அவனும் சிரித்துவிட்டு உட்கார்ந்தான்.

ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தாள். பிழை வந்தது. திருத்தினாள். மறுபடியும் பிழை. ஜன்னல் வெயில் மேசையிலிருந்து நழுவித் தரைக்கு இறங்கியது. ஒரு வழியாகத் திரை கறுத்து, அதன் அடியிலிருந்து ஒரு வட்டம் மெல்ல எழுந்தது. பின்னாலேயே இன்னொன்று, பிறகு கூட்டம் கூட்டமாக. பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முகவாய்களும் கூடவே உயர்ந்தன.

டீச்சர்தான் முதலில் பேசினார். "நல்லா இருக்கு. ஆனா இவ்வளவு மெதுவா அடிச்சா பசங்க காத்திருப்பாங்களா?"

"எதுக்குக் காத்திருக்கணும் டீச்சர்? நான் சொல்றேன், அவங்களே அடிக்கட்டும். ஒருத்தர் விடாம."

டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் தலையாட்டினார். "சரி, துணை ஆசிரியர் நீங்கதான். எழுந்திருங்க, பூட்டணும்."

அக்கா எழுந்திருக்கவில்லை. வட்டங்கள் போய்க்கொண்டே இருந்தன. நிறுத்தும் விசை எது என்று அவளுக்கு இன்னும் தெரியாது. யாரிடமும் கேட்கத் தோன்றவும் இல்லை.