நடக்காத போருக்கு ஒரு விமானம்

யாருடைய வாய்க்கோ நாளை போகவேண்டிய கீழ்வரிசைப் பல்செட்டை ஈரப்பஞ்சில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதைத் தேய்த்த அதே சிறிய அரத்தால் ஒரு போர் விமானத்தின் மூக்கைத் தேய்க்கத் தொடங்குகிறார். தேய்த்த தூளை ஊதுகிறார். தூள் பறந்துபோய்ப் பல்செட்டின்மேல் அமர்கிறது. “கழுவிட்டுத்தான் சார் குடுப்பேன்” என்று நம்மைப் பாராமலேயே உறுதியளிக்கிறார். பல்லுக்கு உரியவர் அவ்வறையில் இல்லாதது இரு தரப்புக்கும் நல்லது.

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஓர் அறைதான் அவருடைய பட்டறை. பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடையை வார்த்து, மெழுகில் பற்களை நட்டு, முழுச் செட்டாக்கித் திருப்பி அனுப்புவார். குடியிருப்பில் அவருக்குப் பெயரே ‘பல்செட்டு’தான். இவ்வூரில் எத்தனையோ பேர் அவர் தயவில் மென்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முகத்தையும் அவர் கண்டதில்லை. “முகம் எதுக்கு சார்? வாய் தெரிஞ்சா போதும்” என்பார். அனுப்பிய செட் பொருந்தவில்லை என்று திரும்பி வந்துவிட்டால் மட்டும் பட்டறைக் கதவு சாத்தப்படும். அன்று அவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

விமானத்தின் பெயர் ‘மரங்கொத்தி மூன்று’. உலகில் எந்த விமானப்படையிலும் அது இருந்ததில்லை. இருந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். நாம் பள்ளியில் படித்த வரலாற்றில் ஒரு பெரும்போர் முடிவுக்கு வந்தது. அவருடைய வரலாற்றில் அது முடியவில்லை. உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டிய தளபதிக்கு அன்று காலையில் கடைவாய்ப்பல் வலி; கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டிலேயே படுத்துவிட்டார். ஆகவே போர் நீண்டது, ஜெட் விமானங்கள் முன்னதாகவே பிறந்தன. உலக நிகழ்வுகளுக்குப் பொருளாதாரம், சித்தாந்தம் என்றெல்லாம் காரணம் கண்ட அறிஞர்கள் பலர். சொத்தைப் பல்லைக் கண்டவர் இவர் ஒருவரே.

“மரங்கொத்தி ஒண்ணும் ரெண்டும் என்ன ஆச்சு?” என்று ஒருமுறை கேட்டேன்.

“விழுந்துருச்சு சார்.”

“ஓட்டினவங்க?”

“குதிச்சுத் தப்பிச்சுட்டாங்க. நான் யாரையும் சாகடிக்கிறதில்ல.”

“குண்டு போடுற விமானம்தானே இது?”

“போடும். ஆள் இல்லாத எடமா பாத்துப் போடும்.”

உடல், கடையில் விற்கும் மாடல் விமானப் பெட்டி ஒன்றில் வந்தது. இறக்கைகள் வேறொரு நாட்டு விமானத்தின் பெட்டியிலிருந்து கழற்றப்பட்டவை. பின்புறம் நெருப்புக் கக்கும் குழாய், பற்பசையின் மூடி. உடலுக்கும் இறக்கைக்கும் ஆகாத இடங்களில் எல்லாம், பல்செட்டின் ஈறுக்கென்று வைத்திருக்கும் இளஞ்சிவப்புக் கலவையைப் பூசி அடைத்திருக்கிறார். வண்ணம் அடிப்பதற்கு முன் அவ்விமானத்தைக் கண்ட எவருக்கும் போரைப் பற்றிய அச்சம் எழ வாய்ப்பில்லை. அது வாயைத் திறந்து ஈறு தெரியச் சிரிப்பதுபோல் இருந்தது. ‘பொம்மை’ என்ற சொல்லை மட்டும் அவர்முன் உச்சரித்துவிடக் கூடாது. குழாய் பழுதுபார்க்க வந்தவர் ஒருவர் உச்சரித்துவிட்டு, விமான வரலாறு முழுவதையும் கேட்டபிறகே வெளியேற முடிந்தது. அவர் வந்த வேலை அன்று நடக்கவில்லை.

அவருடைய மனைவி கண் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருப்பவர். தம் தலைமுடி உலர்த்தும் கருவியை வண்ணம் உலர்த்தக் கணவரிடம் பறிகொடுத்தவர். “நான் ஈரத்தலையோட வேலைக்குப் போறேன். அந்த பிளேன் காஞ்ச தலையோட வீட்ல உக்காந்திருக்கு” என்று படிக்கட்டில் எதிர்ப்படுவோரிடமெல்லாம் முறையிடுவார். “பெத்த பொண்ணு பொறந்த தேதி கேளுங்க, தலையச் சொறிவாரு. இல்லாத பிளேன் மொதல்ல எப்பப் பறந்துச்சுன்னு கேளுங்க, கிழமையோட சொல்வாரு.” உள்ளிருந்து குரல் வரும்: “வியாழக்கிழமை!”

ஊரில் மாடல் கட்டுவோருக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அதன் செயலாளர், ஓய்வுபெற்ற நில அளவையாளர். உண்மையான விமானத்தில் எத்தனை ஆணிகள் உண்டோ அத்தனையும் மாடலில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பவர். ஆகவே ‘ரிவிட்டு’ என்று அழைக்கப்படுகிறார். வெர்னியர் அளவுகோல் அவர் சட்டைப்பையை விட்டு நீங்கியதில்லை. சங்கத்தின் கண்காட்சியில் உண்மை விமானங்களுக்குக் கூடத்தில் மேசை. மரங்கொத்தி வகையறாவுக்குக் கழிவறைக்குச் செல்லும் நடையில் ஒரு பெஞ்சு. போகிறவர்கள் அவசரத்தாலும், திரும்புகிறவர்கள் நிம்மதியாலும் அதைக் கவனியாமலேயே கடந்தார்கள்.

கூடத்தில் ஒரு மேசை வேண்டும் என்று பல்செட்டு ஒவ்வொரு கூட்டத்திலும் கையைத் தூக்கினார். தூக்கிய கையைப் பார்த்துப் பார்த்துச் சலித்தே, இம்முறை ரிவிட்டு இணங்கினார். “நடக்காத விமானம்னாலும் நடந்திருக்கக் கூடியதா இருக்கணும்ப்பா. நான் அளந்து பாப்பேன். தேறலைன்னா மறுபடி கக்கூஸ் பக்கம்தான். அதுக்கப்புறம் நீ கையத் தூக்கவே கூடாது.” பல்செட்டு ஒப்புக்கொண்டார்.

கண்காட்சியன்று வெள்ளை விரிப்புப் போட்ட மேசையில், கூடத்தின் நடுவில், மரங்கொத்தி நின்றது. அவர் மனைவி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். தலை நன்கு உலர்ந்திருந்தது. ரிவிட்டு இறக்கையை அளந்தார், வாலை அளந்தார், பற்பசை மூடியை முகர்ந்துகூடப் பார்த்தார். குறை எதுவும் அகப்படவில்லை. பிறகு விமானத்தைக் கவிழ்த்தார்.

“சக்கரம் எங்கப்பா போகும்?”

“மேல ஏறினதும் உள்ள மடங்கிரும் சார்.”

“எந்த உள்ள?”

வெர்னியர் சக்கரத்தின் பருமனைக் கவ்வியது. அந்த விரிவு மாறாமல் வயிற்றிலிருந்த குழிக்கு வந்தது. இறங்கவில்லை.

பல்செட்டின் வரலாற்றில், நீண்டுபோன போரால் ஓடுதளங்கள் எல்லாம் சிதைந்துவிட்டன. விமானங்கள் உழுத வயலில் இறங்கவேண்டிய நிலை. சேற்றில் இறங்கத் தடித்த சக்கரம் வேண்டும் என்று, மூன்றாவது பெட்டி ஒன்றை உடைத்து எடுத்து மாட்டியிருந்தார். அச்சக்கரம் மடங்கிப்போய் அடைய ஓர் இடம் வேண்டும் என்பது, போரையே நீட்டித்த அந்த மூளைக்கு எட்டவில்லை.

அவர் கவிழ்ந்த விமானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மனைவிதான் முதலில் சுதாரித்துக்கொண்டார். “இதுக்கா இப்படி நிக்கிறீங்க? நீங்களா சொன்ன கததானே? சக்கரத்த மடக்காமலே பறந்துச்சுன்னு ஒரு வரி சேத்துக்கோங்க. தளபதிக்குப் பல்லு வலி வரலாம், பிளேனுக்குக் கால் வலி வரக் கூடாதா?”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ரிவிட்டுக்கும் மனம் இளகியிருக்க வேண்டும். வாலை அளந்தபோதே அவருக்கு அவ்விமானத்தின்மேல் ஒரு மயக்கம் வந்துவிட்டதை மற்றவர்கள் கவனித்திருந்தார்கள். குரலைத் தாழ்த்தி, “மேல போனதும் டயர்ல காத்த எறக்கிருவாங்கன்னு சொல்லிடுப்பா. சரின்னுடறேன். மேசை ஒனக்குத்தான்” என்றார்.

“காத்த எறக்கிட்டா, தரைக்கு வர்றப்ப?”

“மறுபடி அடிச்சுக்குவாங்க.”

“வானத்துலயா சார்?”

பல்செட்டு வெர்னியரை ரிவிட்டின் கையிலிருந்து வாங்கித் தாமே சக்கரத்தை அளந்தார், குழியை அளந்தார், திருப்பிக் கொடுத்தார்.

“வேணாம் சார். கத எப்படி வேணா போகலாம். ஆனா பல்லு வாய்க்குள்ள போகணும். போகலைன்னா வாய் மேல பழி போடுறதா?”

“அப்ப மேசை கெடையாதுப்பா. இனிமே கையும் தூக்க முடியாது. யோசிச்சுக்க.”

“யோசிச்சுட்டேன்.”

விமானத்தை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு அவரே நடையை நோக்கி நடந்தார். “ஒரு பொய் சொல்லத் துப்பில்ல, இவருக்கு ஒரு போர் வேற” என்று முணுமுணுத்தபடியே, அவர் மனைவி வெள்ளை விரிப்பை மேசையிலிருந்து உருவி மடித்துக்கொண்டு பின்னால் போனார். சங்கத்தின் விரிப்பு அது, யாரும் தடுக்கவில்லை.

பெஞ்சில் விரிப்பை விரித்தார்கள். விமானத்தை மல்லாக்கக் கிடத்தி, சட்டைப்பையிலிருந்து பல்லிடுக்கைச் சுரண்டும் கொக்கிக் கருவியை எடுத்து, வயிற்றுக் குழியின் விளிம்பை அங்கேயே செதுக்கத் தொடங்கினார். கழிவறைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவசரமானவர்களும் நின்றார்கள். “வழிய விடுங்க, கண்காட்சி உள்ளதான் நடக்குது” என்று மனைவி அவர்களை விரட்டினார். யாரும் நகரவில்லை.

சற்றுப் பொறுத்து ரிவிட்டும் வந்தார். கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். நடையில் வெளிச்சம் போதவில்லை. கைப்பேசியின் விளக்கைப் போட்டு விமானத்தின் வயிற்றுக்கு நேரே நீட்டினார்.

பல்செட்டு தலையை நிமிர்த்தவில்லை. இடக்கையை நீட்டி, செயலாளரின் மணிக்கட்டைப் பிடித்து, பட்டறை விளக்கின் கழுத்தைத் திருப்புவதுபோல் தமக்கு வேண்டிய பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, மேலும் செதுக்கினார்.