வெள்ளிக்கிழமை பூட்டும் கம்பெனி

லப்பைக்குடிக்காட்டில் அஸ்ரின் நான்கு கணினிகளோடு மென்பொருள் உதவி மையம் தொடங்கியது 2004இல். துபாயின் மொத்த வியாபார நிறுவனம் ஒன்றின் ஒப்பந்தம் கிடைத்தால்தான் அது பிழைக்கும். போட்டிக்கு நின்றது சென்னையின் பெரிய நிறுவனம்.

“வெள்ளிக்கிழமை பூட்டிட்டுப் போறவளுக்கு எவன்மா வேல குடுப்பான்?” என்றார் மாமா அப்துல் சலாம்.

“துபாய்க்காரனுக்கும் அன்னைக்கு லீவுதான் மாமா.”

துபாய்க்காரர்கள் இரு தரப்புக்கும் ஒரு வாரம் சோதனை வைத்தார்கள். ஞாயிறன்று துபாயில் பில் போடும் மென்பொருள் படுத்துவிட்டது. அங்கே அது வேலைநாள்; சென்னையில் விடுமுறை. தொலைபேசி மணி அடித்ததும் எடுத்தவள் அஸ்ரின்தான். மதியத் தொழுகைக்குள் சரிசெய்தாள், ஒப்பந்தம் வந்தது.

அடுத்த மாதம் சென்னை நிறுவனமே அழைத்தது.

“எங்க கஸ்டமர்களையும் ஞாயிற்றுக்கிழமை நீங்க பாத்துக்க முடியுமா மேடம்?”

“தாராளமா சார். வெள்ளிக்கிழமை மட்டும் கூப்புடாதீங்க.”