மாதம் ஒரு வாரம் மில் மூடிய வீடு

எங்கள் அப்பா இல்லாமல் ஓர் ஆண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் சிலர் அவரை மில் தொழிலாளியாக அறிவீர்கள், சிலர் தையல்காரராக அறிவீர்கள். அந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவில் அவர் எங்கள் வீட்டுக்குள் செய்துவந்த ஒரு காரியம் உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். ஆகவே அதை எழுதிவைக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது.

அப்பா பிறந்தது எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். மழை தப்பிப்போன ஒரு வருஷம், பருத்திக்காட்டை விட்டுவிட்டுக் கோவில்பட்டிக்கு வந்து நூல் மில்லில் சேர்ந்தார். அம்மாவைக் கைப்பிடித்ததும் நான் பிறந்ததும் மில் சங்குச் சத்தத்துக்குள்தான்.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, மில்லில் பழுதான எந்திரங்களைச் சரிசெய்யாமல் துணிபோட்டு மூடிவைக்கத் தொடங்கினார்கள். அப்பா அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அம்மாவிடம் சொன்னார்:

"இந்த வாரம் மில் மூடியாச்சுன்னு வச்சுக்கோ."

"என்ன சொல்லுதீங்க? நாளைக்கு உங்களுக்குக் காலை ஷிப்டுல்லா?"

"ஷிப்டுக்குப் போவேன். சம்பளம் வராதுன்னு நெனச்சு வீட்டை ஓட்டிப் பாரு."

அன்றிலிருந்து மாதம் ஒரு வாரம் எங்கள் வீட்டில் மில் மூடியிருக்கும். கம்பங்கூழும் கொள்ளு அரைத்த கானத்துவையலும்தான் சாப்பாடு. அப்பா டீக்கடைப் பக்கம் தலைகாட்ட மாட்டார். அம்மா கடைக்கே போக மாட்டார். என் படிப்புச் செலவு மட்டும் அந்த வாரத்திலும் நிற்காது. "அதை நிறுத்திப் பாக்கக்கூடாது. ஒரு தடவை நிறுத்திப் பாத்தா, நிறுத்திரலாம்னு தோணிரும்" என்பார் அப்பா.

முதல் மாதமே நான் ஒரு கூத்தடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்தவளிடம், "எங்க மில்லை மூடியாச்சு" என்று பெருமையாகச் சொன்னேன். அவள் அப்பாவும் அதே மில்தான். சாயங்காலம் எங்கள் வாசலில் ஒரே கூட்டம்.

"அண்ணாச்சி, எப்ப மூடுனாவ? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே!"

அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. "மில்லு நல்லாத்தான்பா ஓடுது. என் வீட்டுல மட்டுந்தான் மூடியிருக்கு."

"வீட்டுல மட்டும் மூடியிருக்கா? அண்ணாச்சிக்கு வெயில் தலைக்கு ஏறிட்டுடோய்!"

அதோடு அவருக்கு 'மூடுவிழா அண்ணாச்சி' என்று பேர் விழுந்துவிட்டது. வார விடுமுறையில் புதியம்புத்தூருக்கு பஸ் ஏறிப் போய், ஆயத்த ஆடை தைக்கும் ஓரிடத்தில் அவர் தையல் பழகினார். அது தெரிந்ததும் கேலி இன்னும் கூடியது. "மூடுவிழா அண்ணாச்சி, எனக்கொரு பாவாடை தச்சுத் தாரும்!" என்பார்கள். "துணி எடுத்துட்டு வாரும்வே, தச்சுருவோம்" என்று சிரித்துக்கொண்டே போவார்.

நான் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்த சமயம். ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மில் மூடியாச்சு."

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போன வாரந்தான மூடுனோம்? மாசத்துல ரெண்டு தடவையா?"

அப்பா திறக்காத தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கம்பு டப்பாவை எடுத்தார். வேறு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நான்தான், "எத்தனை நாளைக்குப்பா?" என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

மறுநாள் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், வந்தார். "மாப்ள, புள்ள படிச்சது போதும். தீப்பெட்டி ஆபீசுல சொல்லுதேன், நாளைக்கே சேத்துருவாங்க" என்றார். எங்கள் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மச்சான், இந்த வீட்டுல எத்தனையோ தடவ மில்லு மூடியிருக்கு. ஒரு தடவையாவது அவ படிப்பு நின்னிருக்கா? இப்ப மட்டும் எதுக்கு நிக்கணும்?"

அந்தத் திங்கட்கிழமையே புதியம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து, குழந்தைகளுக்குக் கவுன் தைத்தார். கேலி செய்தவர்களில் நாலு பேர் பின்னர் அவரைத் தேடி வந்தார்கள். அவர்களையும் கையோடு கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார். பழைய பேரைப் பற்றி அவரும் பேசவில்லை, அவர்களும் பேசவில்லை. நான் பட்டம் வாங்கிய அன்று, அவர் தைத்துக்கொடுத்த சுடிதாரைத்தான் போட்டிருந்தேன். இன்று தூத்துக்குடியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒரு வாரம் எனக்கும் அந்த வேலை கிடையாது, கம்பங்கூழ்தான்.

போன வருஷம் அப்பா படுக்கையில் விழுந்தார். டாக்டர் சொன்னது எங்களுக்கு முன்பே அவருக்குப் புரிந்திருந்தது. ஒரு காலையில் அம்மாவைக் கூப்பிட்டார்.

"இந்த வாரம் நான் இல்லன்னு வச்சுக்கோ. பேங்குக்கு நீயே போயிட்டு வா. ரேஷனுக்கும் நீயே போ."

"அந்தப் பழக்கத்தையெல்லாம் மில்லோட விட்ருங்க. கஞ்சி ஆறுது, குடிங்க."

அப்பா மறுபேச்சுப் பேசாமல் குடித்தார். அவர் சொல்லி நாங்கள் செய்யாதது அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்த பெரிய மாமாவுக்கும், அப்பா போன அன்று தையல் எந்திரங்களை நிறுத்திவிட்டு வந்த புதியம்புத்தூர் அண்ணாச்சிமாருக்கும், அம்மாவை முதல் தடவை பேங்குக்குக் கூட்டிப்போன எதிர்வீட்டு அக்காவுக்கும், தோள் கொடுத்த பழைய மில்காரர்களுக்கும் எங்கள் நன்றி. எல்லாவற்றையும் முன்கூட்டியே பழகி வைத்திருந்த வீடு இது. பழகாமல் வந்தது இந்த ஓர் இழப்புதான். நீங்கள் இல்லாதிருந்தால் முதல் வாரத்தைக்கூட நாங்கள் தாண்டியிருக்க மாட்டோம்.